ரப்பர் வைக்காத இஞ்சின்

எங்க காளியப்பன் வீதியில எழுபத்தொம்பது நாள் ஒரு மனுசரும் உட்காரலைங்க. கோயமுத்தூர்ல கணபதி தாண்டி உள்ள வந்தா, ஒரு வீடு, ஒரு லேத்துப் பட்டறை, மறுபடி ஒரு வீடுன்னு நாப்பத்தொரு கதவு இருக்கற வீதி எங்களுது. அத்தனை கதவுக்குள்ளயும் நாற்காலி சும்மா கெடந்துச்சு, கட்டிலு சும்மா கெடந்துச்சு, ஊஞ்சல் கட்டுன வீட்ல ஊஞ்சல்ல துணி காயப்போட்டாங்க. நாங்க பாட்டுக்கு நடந்துக்கிட்டே இருந்தோம்.

என்ற பேரு சின்னம்மணி. வீதி முக்குல மாவு மில் வெச்சிருக்கேன். எனக்கு வாய் நீளம்னு சொல்லுவாங்க, சொல்லீட்டுப் போகட்டும், அன்னைக்கு நான் சொன்னதை நவநீதன் கேட்டிருந்தான்னா இத்தனை கூத்தும் நடந்திருக்காது.

நவநீதன் என்ற மில்லுக்கு நேர் எதுத்த வீடு. பம்பு கம்பெனியில கம்ப்யூட்டர்ல படம் போடற வேலை. மெக்கானிக் கெடையாது, ஆனா அதைச் சொன்னா கோவம் வந்துரும். அவங்கப்பா விட்டுட்டுப் போன ஒரு சின்னக் கார், வீட்டுப் பக்கத்துல தகரக் கூரைக்குக் கீழ நின்னுச்சு, மருதமலைக்கு ஏறுறதுக்குள்ள நாலு தடவை தண்ணி கேக்கற வண்டி. அதுக்குள்ள ஒரு பெரிய இஞ்சினைத் தூக்கி வெச்சு, செட்டிபாளையம் ரேஸ் ட்ராக்குல ஓட்டி, பணக்கார வீட்டுப் பசங்க வண்டியெல்லாம் பின்னால வர்றதைக் கண்ணாடியில பாக்கோணும்னு மூணு வருசமா அவனுக்கு ஆசை. அதையும் ஒரு பட்டறையில குடுத்துச் செய்ய மாட்டானாம், போன்ல வீடியோ பாத்து அவனே தன் கையாலேயே செய்வானாம்.

உக்கடத்துல பழைய இரும்புக் கடையில, அடிபட்டு நசுங்குன ஏதோ வெளிநாட்டுக் காரோட இஞ்சின் ஒன்னு அவனுக்குக் கிடைச்சுது. மலிவா வந்துச்சுங்க்கான்னு பல்லைக் காட்டிக்கிட்டு வந்தான். ஆமா, இஞ்சின் மலிவுதான். அதை எறக்கி வெச்சுப் பாத்தா கியர்பாக்ஸ் கூடச் சேரலை, நடுவுல வெக்கறதுக்கு ஒரு தகடு கடைஞ்சான். தகடு வெச்சதும் இஞ்சின் முன்னால தள்ளிக்கிச்சு, ரேடியேட்டரைக் கழட்டி வேற வெச்சான். ரேடியேட்டர் பெருசாயிப்போச்சு, முன்பக்க இரும்பை அறுத்தான். அறுத்ததுல பேனெட் மூடலை, பேனெட்டுல ஓட்டை போட்டான். இத்தனை பவரை பழைய பிரேக்கு நிறுத்தாதுன்னு பிரேக்கை மாத்துனான், புது பிரேக்குக்குப் பழைய சக்கரம் பத்தலை, புதுச் சக்கரம் உள்ள போக மட்கார்டு விடலை. ஒன்னை மாத்துனா இன்னொன்னு வாயைத் திறந்துக்கிட்டு நின்னுச்சு. சம்பளம் அதுக்குப் போச்சு, ஞாயித்துக்கெழமை அதுக்குப் போச்சு, பொண்டாட்டிகூட உக்காந்து சோறு திங்கற நேரம் அதுக்குப் போச்சு.

அந்தப் பொண்டாட்டி பேரு பிருந்தா. நல்ல புள்ள, அன்னூர்க்காரி. ரெண்டு தடவை வயித்துல வந்து தங்கலை, ரெண்டும் அஞ்சாம் மாசத்துல கலைஞ்சுபோச்சு. மூணாவது தடவை டாக்டரம்மா கர்ப்பப்பை வாய்க்குத் தையல் போட்டு, "இத பாரு பிருந்தா, தையல் ஒரு பக்கம் பிடிக்கும், மிச்சத்தை நீதான் பிடிக்கோணும். படுத்தே இருக்கோணும். எந்திரிக்கறது பாத்ரூமுக்கு மட்டும்தான்"னு சொல்லி அனுப்பிச்சாங்க. அவ வந்து படுத்த அஞ்சாம் நாளுதான் இவன் இஞ்சினை முடுக்குனான்.

அதுக்கு முந்துன நாள் சாயங்காலம் நான் வேடிக்கை பாக்கப் போனேன். இஞ்சினைச் சட்டத்தோட நாலு போல்ட்டுல இறுக்கிக்கிட்டு இருந்தான். இரும்பு மேல நேரா இரும்பு. நடுவுல ரப்பரைக் காணோம்.

"ஏஞ்சாமி, ரப்பர் எங்க?"ன்னேன்.

"ரப்பர் வெச்சா பவர் அதுலயே செத்துரும்க்கா. ரேஸ் வண்டிக்கெல்லாம் இப்பிடித்தான்."

"என்ற மில்லு மிசினுக்கே அடியில ரப்பர் போட்டிருக்கேன். ஓடற மிசின்னா ஆடும். அந்த ஆட்டத்தை ஆராச்சும் வாங்கிக்கோணும். ரப்பர் வாங்கிக்கலைன்னா உன்ற வண்டி வாங்கும், வண்டி வாங்க முடியலைன்னா நீதான் வாங்கிக்கோணும்."

"அக்கா, இது அரைக்கற மிசின் இல்லீங்க்கா"ன்னு சிரிச்சுப்போட்டு ஸ்பேனரை இன்னொரு சுத்து சுத்துனான். எனக்கு ஆங்காரமா வந்துச்சு. போ, எப்பிடியோ போன்னு வந்துட்டேன்.

மறுநாள் காலையில பத்து மணிக்கு முடுக்குனான். சத்தம் அப்பிடி ஒன்னும் பெருசில்லீங்க, கொழம்பு கொதிக்கற மாதிரி ஒரு உறுமல், அவ்வளவுதான். கொஞ்ச நேரம் ஓட விட்டுட்டுச் சாவியைத் திருப்புனான், நிக்கலை. பேட்டரியைக் கழட்டுனான், நிக்கலை. டேங்குல இருந்த பெட்ரோலை ஒரு சொட்டு விடாம குடத்துல பிடிச்சு வெச்சான், அப்பவும் நிக்கலை. வீதியில எல்லாரும் வந்து எட்டிப் பாத்தோம். லேத்து ஆறுச்சாமி அண்ணன், வீதிச் சங்கத்துத் தலைவரு அவருதான், குனிஞ்சு பாத்துப்போட்டு, "நிக்கலைன்னா ஓடட்டும் விடப்பா, எண்ணெயும் கேக்கலை, தண்ணியும் கேக்கலை"ன்னாரு. அதுவும் செரிதான்னு அவங்கவங்க வேலைக்குப் போயிட்டோம்.

மத்தியானம் சோத்துக்கு உட்காரலாம்னு போனா உட்கார முடியலை. குண்டி பலகையில பட்டதும் கால் எந்திரிச்சுருச்சு. என்னடா இதுன்னு மறுபடி உட்காந்தேன், மறுபடி எந்திரிச்சுருச்சு. வெளிய வந்து பாத்தா வீதியில அத்தனை பேரும் தட்டைக் கையில வெச்சுக்கிட்டு நடந்துக்கிட்டே தின்னுக்கிட்டு இருக்காங்க. தரையில கையை வெச்சுப் பாத்தேன். இஞ்சினோட ஆட்டம் சட்டத்துல எறங்கி, சக்கரத்துல எறங்கி, மண்ணுல எறங்கி, எங்க உள்ளங்கால் வழியா ஏறிக்கிட்டு இருந்துச்சு. ரப்பர் வாங்கிக்க வேண்டியதை நாங்க நாப்பத்தொரு வீடும் வாங்கிக்கிட்டோம். எனக்கு அப்பவே வெளங்கிருச்சு.

ரெண்டு நாள் எல்லாரும் நவநீதனை வாய்க்கு வந்தபடி வஞ்சோம், மூணாம் நாள் பழகிப்போச்சு. மனுசன் எதுக்குத்தான் பழக மாட்டான்! பேக்கரிக்காரன் பெஞ்சை எடுத்துப்போட்டான், டீயை நடந்துக்கிட்டே குடிச்சு முக்குல கிளாஸை வெச்சோம். சலூன்காரன் கத்தியோட ஆள் கூடவே நடந்து சவரம் பண்ணுனான், ஒரு கீறல் விழுகலை. பத்தாவது எழுதுன புள்ளைங்களை நின்னுக்கிட்டே எழுதறதுக்கு ஸ்கூல்ல விட்டாங்க. தூக்கத்துக்குச் செவுத்துல சாஞ்சு நின்னு, கால் ரெண்டும் மாறி மாறித் தாளம் போட, கண்ணை மட்டும் மூடிக்குவோம். பெரிய வீட்டுப் பொண்ணைப் பாக்க வந்த மாப்பிள்ளை வீட்டு ஒறம்பரை, நடையாவே பொண்ணைப் பாத்து, நடையாவே பஜ்ஜி தின்னு, யோசிக்கறதுக்கு உட்கார எடமில்லாததுனால வீதி முக்கு தாண்டறதுக்குள்ள செரின்னு சொல்லிப்போட்டாங்க. செருப்புக் கடைக்காரனுக்கு அடிச்சது யோகம்.

லேத்துக்காரங்களுக்கு அதைவிட யோகம். உட்கார முடியாதவன் என்ன பண்ணுவான், வேலை பண்ணுவான். ஒரு நாள்ல ஆகற உருப்படி அரை நாள்ல ஆச்சு. பீளமேட்டுல இருந்தும் சிங்காநல்லூர்ல இருந்தும் ஆர்டர் தேடி வந்துச்சு. ஆறுச்சாமி அண்ணன் பட்டறைக்கு முன்னால வேன் வரிசைகட்டி நின்னுச்சு, அவரு நவநீதன் தோள்ல கையைப் போட்டுக்கிட்டு, "தம்பி, நீ வீதிக்கே படியளந்துட்டே"ன்னாரு. ட்ராக்குலயும் அவன் ஆசைப்பட்ட மாதிரியே நடந்துச்சு. ஒரு ஞாயித்துக்கெழமை சீட்டுல உட்கார முடியாம பாதி நின்னுக்கிட்டே ஓட்டி எல்லாரையும் கண்ணாடியில பாத்துப்போட்டு வந்தான். வண்டி அங்க போயிருந்த நேரத்துலயும் மண்ணுல ஊறுன ஆட்டம் எங்களை உட்கார விடலை. மாலையும் கழுத்துமா வீட்டுக்குள்ள போனா, பிருந்தா வயித்தைப் பிடிச்சுக்கிட்டு அடுப்படிக்கும் வாசலுக்கும் நடந்துக்கிட்டு இருந்தா. மாலையைப் பாக்கக்கூட இல்லை.

ஆமாங்க, அவளுந்தான் நடந்தா. அவ காலு மட்டும் வேற காலா? படுக்கறதுக்கு அவ பட்ட பாடு இருக்கே, கண்ணுல பாத்தவளுக்குத்தான் தெரியும். சேலையில காலைக் கட்டிலோட கட்டிக்கிட்டுப் படுத்துப் பாத்தா, கட்டிலு நடந்துச்சு. அன்னூருக்கு அவங்கம்மா வீட்டுக்குக் கொண்டுபோய் விட்டான், ஆட்டம் அவகூடவே வந்திருந்துச்சு, அவங்கம்மாவும் அப்பனும் சேந்து தோட்டத்தைச் சுத்தி நடக்க ஆரம்பிச்சதும் பயந்து திருப்பி அனுப்பிச்சுட்டாங்க. ஆஸ்பத்திரியில டாக்டரம்மாவும் அவ கூடவே வராந்தாவுல நடந்துக்கிட்டே வயித்துல கையை வெச்சுப் பாத்தாங்க. என்னன்னு கேக்கலை, எப்பிடின்னு கேக்கலை, "இப்பிடியே போனா தையல் நிக்காது பிருந்தா"ன்னு மட்டும் சொன்னாங்க.

நாப்பதாம் நாள் கடைசி வீட்டு ரங்கசாமி வாத்தியாரு காலமானாரு. எழவு வீட்ல உட்காரோணும் இல்லீங்களா? வந்தவங்க பேசக்கூட வேண்டாம், பக்கத்துல கொஞ்ச நேரம் உக்காந்தாலே அந்த வீட்டுக்காரங்களுக்கு ஒரு தெம்பு. நாங்க பொணத்தைச் சுத்திச் சுத்தி நடந்தோம். வாத்தியார் சம்சாரம் கோகிலாம்மாவும் எங்ககூடவே நடந்தாங்க. அழுகறதுக்கு வாயைத் திறப்பாங்க, ரெண்டு எட்டு வெச்சதும் அழுகை எங்கயோ விட்டுப்போயிரும். அன்னைக்கு நான் நவநீதன்கிட்ட போய், "டேய், இது நல்லால்லடா"ன்னேன். அவன் தலையைக் குனிஞ்சுக்கிட்டு நடந்தான்.

எழுபத்தெட்டாம் நாள் டாக்டரம்மா சொல்லிப்போட்டாங்க. "தையல் அறுக்குது. இப்ப பொறந்தா உள்ளங்கை அளவுதான் இருக்கும், பொழைக்கறது கஷ்டம். இன்னும் பன்னெண்டு வாரம் உள்ள இருக்கோணும். நாளைக்கே படுக்கறதுன்னா என்ற கையில ஏதாச்சும் இருக்கு, இல்லைன்னா இல்லை."

மறுநாள் காலையில பிருந்தா வீதிக்கு வந்துட்டா. ஒரு கையால வயித்தை அடியில தாங்கிப் பிடிச்சுக்கிட்டு, கூரைக்குக் கீழ ஓடிக்கிட்டு இருக்கற அந்த வண்டியைச் சுத்திச் சுத்தி நடந்தா. வீதியே அவ பின்னால வந்து நடந்துச்சு.

"ஏனுங்க, நான் படுக்கோணும்"ன்னா நவநீதனைப் பாத்து. "வேற ஒன்னும் கேக்கலைங்க. எனக்குப் படுக்கோணும்."

அவன் பதில் சொல்றதுக்குள்ள ஆறுச்சாமி அண்ணன் முன்னால வந்துட்டாரு. "அம்மிணி, உன்ற கஷ்டம் புரியுது. ஆடி முடியட்டும். அத்தனை பேரும் ஆர்டரைக் கையில வாங்கி வெச்சிருக்கறோம். ஒரு வீட்டுக்காக நாப்பது வீட்டுப் பொழப்பைக் கெடுக்கலாமா?"

"ஆடி முடியற வரைக்கும் இதை உங்க வயித்துல வெச்சுப் பாத்துக்கறீங்களா மாமா?"ன்னு கேட்டா பாருங்க. மனுசன் நடையே தடுமாறிப்போச்சு. அவ விடலை. "எல்லாரும் எனக்கு வளையல் போட வருவீங்களா, இல்லை வாத்தியார் வீட்ல சுத்துன மாதிரி எங்க வீட்லயும் வந்து சுத்துவீங்களா? இப்பவே சொல்லிருங்க."

செருப்புச் சத்தம் மட்டும் கேட்டுச்சு. நானும் இந்த எழுபத்தொம்பது நாள்ல ரெண்டு மடங்கு அரிசி அரைச்சுக் காசு பாத்தவதானே, எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டுப் பேசறது?

நவநீதன் என்ற பக்கத்துல வந்து நடந்தான். "அக்கா, ஓடற இஞ்சினோட போல்ட்டைக் கழட்டுனா என்னாகும்?"

"நான் சொன்னதுதான். ஆட்டம் எங்கயாச்சும் போகோணும். மண்ணுல இருந்து பிரிச்சா, பிரிக்கறவன் கையில வரும்."

"அத்தனையுமாக்கா?"

"நாப்பத்தொரு வீட்டு ஆட்டமும் ஒருத்தன் மேல சாமி. பொய் சொல்ல மாட்டேன்."

அவன் வண்டியைப் பாத்தான். எத்தனை ஞாயித்துக்கெழமை அது. பேனெட்டை ஒரு தடவை தடவுனான், எனக்கே பாவமா இருந்துச்சு. பெறகு இஞ்சின் தூக்கற சங்கிலி செயின் பிளாக்கை இழுத்துட்டு வந்து இஞ்சினுக்குக் கொக்கி மாட்டி, பதினேழாம் நம்பர் ஸ்பேனரை எடுத்துக்கிட்டு உள்ள பூந்தான். "ஆரும் கிட்ட வராதீங்க"ன்னான்.

மொதல் போல்ட்டு கழண்டதும் வீதியில ஜன்னல் கதவெல்லாம் தடதடக்கறது நின்னுச்சு. ரெண்டாவது கழண்டதும் குடத்துத் தண்ணியில வளையம் போடறது நின்னுச்சு. மூணாவதுல எங்களை மாதிரியே நடந்துக்கிட்டு இருந்த நாய்ங்க நின்னுச்சு. நாலாவது போல்ட்டு இறுகிக் கெடந்துச்சு, அவன் உடம்பெல்லாம் உலுக்க, பல்லு கடகடங்க, ரெண்டு கையாலயும் தொங்கித் திருப்புனான். அது வந்ததும் இஞ்சின் சட்டத்தை விட்டு மேல எழும்பி, சங்கிலியில ஆடிக்கிட்டு வெறி பிடிச்ச மாதிரி உறுமுச்சு. அவன் எக்கி அதைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டான். சூடு சட்டையைப் பொசுக்கறது எங்க மூக்குக்கு வந்துச்சு, விடுடான்னு நான் கத்துனேன், அவன் விடலை. உறுமல் கொஞ்சம் கொஞ்சமா எறங்கி, பால் குடிச்ச புள்ள தூங்கற மாதிரி அவன் நெஞ்சு மேலயே அடங்கிப்போச்சு.

வீதியே உக்காந்துருச்சுங்க. நின்ன எடத்துல, ரோட்டுல, சாக்கடை ஓரத்துல, வேன் படியில, அத்தனை பேரும் அப்பிடியே உக்காந்தோம். ஆறுச்சாமி அண்ணன் மண்ணுல காலை நீட்டி உக்காந்து, முட்டியைத் தடவிக்கிட்டே அழுதாரு, எதுக்குன்னு அவருக்கே தெரியலை. கோகிலாம்மா அவங்க வீட்டு வாசப்படியில உக்காந்து, "என்னை விட்டுட்டுப் போயிட்டீங்களே"ன்னு ஒரு சத்தம் வெச்சாங்க, அது அந்த நாப்பது நாளா உள்ளயே நடந்துக்கிட்டு இருந்த சத்தம். நாங்க தவழ்ந்தாப்பல போய் அவங்க பக்கத்துல உக்காந்தோம். ஒரு வார்த்தை பேசலை, உக்காந்தோம்.

பிருந்தா இதுல எதையும் பாக்கலை. நாலாவது போல்ட்டு கழண்டதுமே உள்ள போய், சேலையைக்கூடச் செரி பண்ணாம, எடதுபக்கமா ஒருக்களிச்சுப் படுத்துட்டா.

நவநீதன் மட்டும் உட்காரலை. நெஞ்சுல தீப்புண்ணோட கூரையை விட்டு வெளிய வந்தான், எங்களை ஒவ்வொருத்தரா தாண்டித் தாண்டி முக்கு வரைக்கும் நடந்தான், திரும்பி வந்தான், மறுபடி போனான். ஆஸ்பத்திரியில தலையைப் படம் எடுத்தாங்க, நரம்பைப் பாத்தாங்க, எல்லாம் நல்லாத்தான் இருக்குன்னு சீட்டு எழுதிக் குடுத்தாங்க. கம்ப்யூட்டர் வேலை போச்சு. கையில பென்சிலைக் குடுத்தா ஒரு நேர்கோடு வராது. வீதி அவனுக்கும் பழகிக்கிச்சு. அரைச்ச மாவைக் குடுத்தனுப்பறதுக்கு, மருந்து வாங்கறதுக்கு, சாவி குடுக்கறதுக்கு, எப்பிடியும் அந்தப் பக்கம் போவானேன்னு ஆளாளுக்கு அவன்கிட்ட குடுத்துவிட்டாங்க. சில பேரு ஆர்டர் போன கோவத்துல மூஞ்சியைத் திருப்பிக்கிட்டாங்க, அவங்க சாமானையும் அவன்தான் சொமந்தான்.

பிருந்தா ஜன்னலோரமா கட்டிலைப் போட்டுக்கிட்டா. அவன் ஒரு சுத்து ஜன்னலைத் தாண்டும்போது அவ ஒன்னு கேப்பா, அடுத்த சுத்து வரும்போது அவன் பதில் சொல்லுவான்.

"சாப்டீங்களா?"

முக்குக்குப் போய்த் திரும்பி வந்து, "ஆச்சு. உதைக்குதா?"

இன்னொரு சுத்து. "உதைக்குது. பையனா பொட்டப்புள்ளையான்னு தெரியலை."

பன்னெண்டு வாரமும் அந்த ரெண்டு பேரும் இப்பிடித்தான் குடும்பம் நடத்துனாங்க. சில நாள் அவ கோவிச்சுக்கிட்டு ஜன்னலைச் சாத்திருவா. மூடுன ஜன்னலுக்கும் அவன் ஒவ்வொரு சுத்துலயும் ஏதோ ஒன்னு சொல்லீட்டுப் போவான்.

புரட்டாசி பொறந்து நாலாம் நாள் காலையில தையலைப் பிரிச்சாங்க, அன்னைக்கே வலி எடுத்து, பொழுது சாயறதுக்குள்ள பொட்டப்புள்ள பொறந்துச்சு. நல்ல எடை, நல்ல நெறம், கையில வாங்குனா கல்லு மாதிரி அசையாம தூங்குச்சு. நான் ஃபிளாஸ்க்குல வெந்நியோட கூடவே இருந்தேன். நவநீதன் வராந்தாவுல நடந்துக்கிட்டு இருந்தான், ஒவ்வொரு தடவை கதவைத் தாண்டும்போதும் உள்ள எட்டிப் பாப்பான்.

நர்சம்மா புள்ளையைத் துணியில சுத்தி எடுத்துட்டு வெளிய வந்துச்சு. "அப்பா ஆருங்க? இப்பிடி உக்காருங்க, கையில தாரேன்."

அவன் நின்னான். நின்ன எடத்துலயே கால் மாறி மாறி மிதிச்சுது.

"உக்காருங்க சார். நின்னுக்கிட்டு இருந்தா தர மாட்டோம், ஆஸ்பத்திரி ரூல். எத்தனை பேரு கையில இருந்து நழுவ விட்டிருக்காங்க தெரியுமா?"

அவன் நாற்காலிக்குப் போனான். ரெண்டு கையாலயும் பிடியை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டுக் கீழ எறங்குனான், அது துள்ளி அவனை எழுப்பிவிட்டுருச்சு. மறுபடி எறங்குனான். மறுபடி எழுப்பிவிட்டுருச்சு. மூணாவது தடவை நாற்காலியே வராந்தாவுல நாலடி நகந்துருச்சு. வேர்த்து விறுவிறுத்துப்போய், நடுங்கற கையை நர்சம்மாவுக்கு முன்னால நீட்டுனான். நர்சம்மா அந்தக் கையைப் பாத்துச்சு. புள்ளையை நெஞ்சோட அணைச்சுக்கிட்டு ஒரு எட்டு பின்னால போயிருச்சு. வயசுப் பொண்ணு, அதும்மேல தப்புச் சொல்ல முடியாது. அவன் கையை எறக்கிக்கிட்டுத் திரும்பி நடக்க ஆரம்பிச்சான். நான் ஃபிளாஸ்க்கை வெச்சுக்கிட்டு என்ன பண்றதுன்னு தெரியாம நின்னேன்.

உள்ள கட்டிலு கிறீச்சுன்னுச்சு. பிருந்தா எந்திரிச்சுட்டா. மூணு மாசம் பாத்ரூமைத் தவிர தரையில கால் வெக்காத பொண்ணு, செவுத்தைப் பிடிச்சுப் பிடிச்சு வெளிய வந்து, நர்சம்மா கையில இருந்து புள்ளையை வாங்கிக்கிட்டா.

"அம்மா, படும்மா! இப்பத்தானே பிரசவம் ஆச்சு, மயக்கம் வந்துரும்"ன்னு நர்சம்மா கத்துச்சு.

"படுத்தாச்சுங்க, நெறைய"ன்னா இவ.

புருசன் பக்கத்துல போய் நின்னா. அவன் அவ மூஞ்சியைப் பாக்க முடியாம காலை மிதிச்சுக்கிட்டே இருந்தான்.

"இந்த ஓட்டத்துக்கு ஆசைப்பட்டது நீங்கதானே"ன்னா. குரல்ல கோவம் அப்பிடியே இருந்துச்சு. "நடங்க."

புள்ளையை அவன் கையில குடுக்கலை. அவன் தோளுக்குப் பக்கத்துல வர்ற மாதிரி தன்னோட கையிலயே வெச்சுக்கிட்டு, அவன் நடைக்கு ஈடு குடுத்து, வலியில உதட்டைக் கடிச்சுக்கிட்டே வராந்தாவுல அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் நடந்தா. நர்சம்மா பின்னாலயே வீல்சேரைத் தள்ளிக்கிட்டு ஓடுச்சு. அவன் வழியையே பாக்கலைங்க, கழுத்தைத் திருப்பி அந்தப் புள்ள மூஞ்சியை மட்டும் பாத்துக்கிட்டு நடந்தான், செவுரு வரும்போதெல்லாம் அவதான் முழங்கையால இடிச்சு அவனைத் திருப்பிவிட்டா.